கைமாறாமல் வரும் பணம்

1880-ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதியன்று இந்தியத் தபால் இலாகா மணியார்டர் முறையைத் தொடங்கியது முதல், பழைய வடிவிலான அந்த மணியார்டர் 2015-இல் நிறுத்தப்பட்டது வரையில், மும்பையில் தாராவியின் தோல் கிடங்குகளிலும் மாதுங்காவின் குமாஸ்தாக் குடியிருப்புகளிலும் செம்பூரின் தொழிற்சாலைச் சந்துகளிலும் உழைத்த தமிழர் ஊருக்கு அனுப்பிய பணமும், சென்னை ராஜ்யம் 1962-இல் முதியோருக்கு மாதம் 20 ரூபாய் என்று ஆரம்பித்த உதவித்தொகையும், தபால்காரர் என்ற ஒரு மனிதரின் கை வழியாகவே உரியவரைச் சென்று சேர்ந்தன. அவர் கடிதத்தைப் படித்துச் சொன்னார், கைநாட்டு வாங்கினார், பல ஊர்களில் ஐந்தோ பத்தோ தமக்கென்று எடுத்துக்கொண்ட பிறகே மிச்சத்தை எண்ணிக் கொடுத்தார். கொடுத்தவர்கள் அதை லஞ்சம் என்று சொல்வதற்குக் கூசினார்கள். வாங்கியவரும் அப்படி நினைத்ததில்லை. ஆயினும், ஒரு கிழவியின் மாதாந்தரத் தொகையில் அது ஒரு வேளைச் சோறு என்பதை மறுப்பதற்கில்லை.

சர்க்கார் கஜானாவுக்கும் பிரஜையின் மடிக்கும் இடையே நிற்கும் இத்தகைய கைகள் எத்தனை, அவை எவ்வளவு எடுத்துக்கொள்கின்றன என்பதே கடந்த நாற்பதாண்டுகளாக நம் நாட்டு நிர்வாகத்தில் மிகுதியாக விவாதிக்கப்பட்ட விஷயம். 1985-இல் ராஜீவ் காந்தி, ஏழைக்கென்று ஒதுக்கப்படும் ஒரு ரூபாயில் பதினைந்து காசே அவனைச் சென்றடைகிறது என்ற கருத்தில் பேசிய பேச்சு, கட்சி பேதமின்றி எல்லோராலும் எடுத்தாளப்படுவது. அந்தக் கணக்கு எப்படிப் போடப்பட்டது என்று கேட்பவர் குறைவு. அது உண்மையாயிருக்கும் என்று நம்புவதற்கு எவருக்கும் ஆதாரம் தேவைப்படவில்லை என்பதே அதன் வலிமை. இடைப்பட்ட கைகளை நீக்கிவிட்டால் பணம் முழுதாக வரும் என்ற எண்ணம் 2013-ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதி 20 மாவட்டங்களில் செயல் வடிவம் பெற்றது. கல்வி உதவித்தொகை, முதியோர் உதவித்தொகை முதலியவை பயனாளியின் வங்கிக் கணக்குக்கே நேராகச் செல்லும் இம்முறையை, வங்கி எழுத்தர் முதல் அங்கன்வாடி ஊழியர் வரை இன்று டி.பி.டி. என்ற மூன்றெழுத்தால் குறிப்பிடுகிறார்கள். வருமான வரி இலாகாவும் தன் பங்குக்கு 2019 மார்ச் முதல் தேதியிலிருந்து ரீஃபண்டுக்குக் காசோலை அனுப்புவதை நிறுத்தி, பான் எண்ணோடு இணைந்த வங்கிக் கணக்கிலேயே செலுத்தத் தொடங்கிற்று.

இக்கட்டுரை இந்த ஏற்பாட்டின் குணதோஷங்களை நெருளில் நின்று பார்க்க முயல்கிறது. 1970-இல் நிறுவப்பட்ட சிட்கோ ஸ்தாபனம் மும்பைக்கு அருகே எழுப்பிய புது நகரில் நெருள் ஒரு பகுதி; 1992-இல் மான்குர்துக்கும் வாஷிக்கும் இடையே தாணே உப்பங்கழியின் மேல் ரயில் ஓடத் தொடங்கிய பின்னர், தாராவியிலும் செம்பூரிலும் இடம் போதாத தமிழ்க் குடும்பங்கள் பல இப்பக்கம் வந்து சேர்ந்தன. இவர்களுக்கு ஓட்டு ஓரிடத்தில், நிலம் ஓரிடத்தில், பழைய பாஸ்புக் வேறோரிடத்தில். ஆகவே, நேரடிப் பணம் என்னும் ஏற்பாட்டின் பலமும் பலவீனமும் இவர்களிடத்தில் தெளிவாகத் தெரிவதுபோல், பிறந்த ஊரிலேயே வாழ்ந்து முடிப்பவரிடத்தில் தெரிவதில்லை.

முதலில், பணம் வரும் பாதை எது என்பதை அறிந்துகொள்ள வேண்டும். ஏனெனில், வராத பணத்தைத் தேடுகிறவர்களில் பெரும்பாலோர் தவறான வாசலில் நின்றே காலத்தைக் கழிக்கிறார்கள். பாதை ஒன்றல்ல. கணக்கு எண்ணையும் கிளையைக் குறிக்கும் எழுத்தும் எண்ணுமாகப் பதினோரு இடம் கொண்ட ஐ.எஃப்.எஸ்.சி. குறியீட்டையும் வைத்துச் செலுத்துவது ஒரு வகை. இதில் விண்ணப்பத்தில் எழுதிய கணக்குக்கே பணம் போகும். மற்றொன்று ஆதார் எண்ணையே விலாசமாகக் கொண்டது. தேசியப் பணப்பட்டுவாடாக் கழகம் என்று தமிழில் சொல்லத்தக்க என்.பி.சி.ஐ., ஒவ்வோர் ஆதார் எண்ணுக்கும் நேராக ஒரு வங்கியின் அடையாளத்தை எழுதி வைத்திருக்கும் பெரும் பதிவேடு ஒன்றைப் பராமரிக்கிறது. சர்க்கார் ஆதார் எண்ணை மட்டும் சொல்லிப் பணத்தை விடுத்தால், அந்தப் பதிவேட்டில் உள்ள வங்கிக்கு அது செல்லும். அந்த வங்கி தன் வாடிக்கையாளரின் கணக்கில் வரவு வைக்கும். ஒருவருக்கு ஐந்து வங்கிகளில் கணக்கிருந்தாலும் பதிவேட்டில் இடம் ஒரு வங்கிக்குத்தான். கடைசியாக எந்த வங்கியில் சம்மதக் கையெழுத்துப் போட்டு, சீடிங் எனப்படும் இந்தப் பதிவு செய்யப்பட்டதோ, அதற்கே.

இங்கேதான் ஒரு நுட்பமான பேதம் இருக்கிறது. கணக்குத் தொடங்கும்போது அடையாளத்துக்காக ஆதார் நகலைக் கொடுத்திருப்பதும், அந்தக் கணக்கு மேற்சொன்ன பதிவேட்டில் ஏறியிருப்பதும் ஒன்றல்ல. வங்கிக்காரர் “ஆதார் லிங்க் ஆகியிருக்கிறது” என்று சொன்னால் அது முதலாவதைக் குறிக்கலாம். பணம் வருவதற்கு வேண்டியதோ இரண்டாவது. ஆதலால் வங்கியில் கேட்க வேண்டிய கேள்வி, “டி.பி.டி. வருவதற்குச் சீடிங் ஆகியிருக்கிறதா?” என்பதாகும். மைஆதார் தளத்தில் ஆதார் எண்ணும் கைப்பேசிக்கு வரும் ஓ.டி.பி.யும் கொடுத்து, எந்த வங்கி பதிவேட்டில் இருக்கிறது, அது நடப்பில் உள்ளதா என்பதை எவரும் வீட்டிலிருந்தே பார்த்துக்கொள்ளலாம். ஆதாரோடு பதிந்த கைப்பேசி எண் கைவசம் இருக்க வேண்டும் என்பது ஒன்றே நிபந்தனை. ஊர் மாறியவர்கள் எண்ணை மாற்றிக்கொண்டு, பழைய எண்ணை ஆதாரில் அப்படியே விட்டுவிடுவதால், அந்த ஒரு நிபந்தனையே பெருந்தடையாகி விடுகிறது.

பதிவேட்டில் இடம் கடைசியாக வந்தவருக்கே என்ற விதி எவ்வளவு அபாயகரமானது என்பதை 2017-ஆம் ஆண்டு காட்டிற்று. கைப்பேசி இணைப்பை ஆதாரால் மறுசரிபார்ப்புச் செய்ய வந்தவர்களுக்கு, அவர்கள் அறிந்து சம்மதிக்காமலேயே ஏர்டெல் பேமென்ட்ஸ் வங்கியில் கணக்குகள் தொடங்கப்பட்டன என்றும், சமையல் வாயு மானியம் அந்தக் கணக்குகளுக்குத் திரும்பிவிட்டது என்றும் புகார்கள் எழுந்தன. அவ்வாண்டு டிசம்பரில் ஆதார் ஆணையம் அந்த நிறுவனத்தின் சரிபார்ப்பு உரிமையைத் தாற்காலிகமாக நிறுத்தி வைத்தது. பணம் பழைய கணக்குகளுக்குத் திருப்பப்பட்டது. தபால்காரர் எடுத்துக்கொண்ட பத்து ரூபாயாவது கண்ணெதிரே எடுக்கப்பட்டது. இங்கே தொகை முழுவதும் இடம் மாறியது, உரியவருக்குச் செய்தியே தெரியாமல்.

பாதையைக் காட்டிலும் நம்மவரை மிகுதியாக அலைக்கழிப்பது பெயர். தமிழருக்குக் குலப்பெயர் எழுதும் வழக்கம் பெரும்பாலும் இல்லாமற் போனது சென்ற நூற்றாண்டின் சமூக இயக்கங்கள் நமக்கு ஈட்டித் தந்த பெருமைகளுள் ஒன்று. தந்தை பெயரின் முதலெழுத்தைத் தம் பெயரின் முன்னே நிறுத்தி நாம் திருப்தியடைகிறோம். மராட்டிய மண்ணின் வழக்கமோ தன் பெயர், தந்தை அல்லது கணவர் பெயர், குலப்பெயர் என்ற மூன்று உறுப்புகளை எதிர்பார்ப்பது. 2024 மே முதல் தேதியிலிருந்து பிறக்கும் குழந்தைகளுக்கு, நடுவில் தாயின் பெயரையும் சேர்த்து நான்கு உறுப்புகளாக எழுதவேண்டும் என்று இம்மாநில அரசாங்கம் விதித்திருக்கிறது. பான் அட்டைக்கான விண்ணப்பமோ முதலெழுத்துகளை ஏற்பதில்லை, விரித்தெழுதச் சொல்லும், கடைசிப் பெயர் என்ற கட்டம் காலியாயிருக்கக் கூடாது என்னும், ஒற்றைப் பெயர் உடையவர் அதையே கடைசிப் பெயராக எழுத வேண்டும் என்னும்.

செல்லத்தாய் என்று ஒரு பெயரை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். தென்காசிப் பக்கத்துப் பள்ளிச் சான்றிதழில் அவர் ச. செல்லத்தாய், அந்த ‘ச’ தந்தையாகிய சங்கரன். திருமணமாகி மும்பைக்கு வந்து எடுத்த ரேஷன் அட்டையில், எழுதிய குமாஸ்தாவின் தயவால், கணவர் பெயரும் கணவரின் சாதிப்பெயரும் பின்னே ஒட்டிக்கொண்டிருக்கும். ஆதார் அட்டையில் செல்லத்தாய் எம். ஆங்கில எழுத்தில் ஒரு ‘எச்’ கூடியோ குறைந்தோ இருக்கும். பான் அட்டையில் சங்கரன் என்பதே முன்னே வந்து, அவரே சங்கரன் ஆகிவிட்டிருப்பார். பாஸ்புக் இவற்றுள் எதையும் பின்பற்றாமல் ஐந்தாவது வடிவம் ஒன்றை வைத்திருந்தாலும் வியப்படைவதற்கில்லை. இந்த ஐவரும் ஒருவரே என்பதில் அவருடைய தெருவில் எவருக்கும் சந்தேகம் இல்லை, தபால்காரருக்கும் இருந்திராது. கணினிக்கோ இவர்கள் ஐந்து பிரஜைகள். எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகாதவரை, பணம் போன வேகத்திலேயே திரும்பிவிடும்.

இதற்குப் பரிகாரம் உண்டு. ஆனால் வரிசை தவறினால் பரிகாரமே புதிய சிக்கலாகும். ஏதேனும் ஓர் ஆவணத்தை மூலமாக வைத்துக்கொண்டு மற்றவற்றை அதற்கு இணங்கத் திருத்துவதே உசிதம் என்பது என் அபிப்பிராயம். அந்த மூலம் ஆதாராக இருப்பது சௌகரியம், ஏனெனில் பானும் வங்கியும் அதை நோக்கியே சரிபார்க்கின்றன. ஆனால் ஆதாரில் பெயரை ஆயுளில் 2 முறைதான் திருத்தலாம் என்ற வரையறை இருப்பதால், ஜெராக்ஸ் கடைப் பையன் அவசரத்தில் தட்டச்சுச் செய்வதை அப்படியே ஒப்புக்கொண்டு ஒரு வாய்ப்பை வீணாக்கிவிடக் கூடாது. முதலெழுத்தை விரித்து, தந்தை பெயரை முழுதாகப் பின்னே வைத்து, ஆங்கில எழுத்துக்கூட்டலை ஒரு காகிதத்தில் தீர்மானமாக எழுதி வைத்துக்கொண்டு, அதன்பின் ஆதார், பான், வங்கி என்ற முறையில் செல்வது நலம். குலப்பெயர் இல்லை என்பதற்காகச் சாதிப்பெயரைப் புதிதாகச் சூட்டிக்கொள்ள வேண்டிய நிர்ப்பந்தம் எந்தச் சட்டத்திலும் இல்லை. யாரேனும் கட்டத்தை நிரப்புவதற்காக அப்படி யோசனை கூறினால் மறுத்துவிடலாம்.

மகாராஷ்டிர அரசாங்கத்தின் லாட்கி பஹின் திட்டம் 2024 ஜூன் மாதத்து வரவுசெலவுத் திட்டத்தில் அறிவிக்கப்பட்டு, ஆகஸ்டு நடுவில், ஜூலை ஆகஸ்டு இரு மாதங்களுக்கும் சேர்த்து 3,000 ரூபாயாகக் கணக்குகளில் விழுந்தபோது, நெருளிலும் தாராவியிலும் இந்தப் பெயர்ப் பிரச்சினை வீட்டுக்கு வீடு பேச்சாயிற்று. 21 முதல் 65 வயது வரை உள்ள, குடும்ப ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்கு மேற்படாத பெண்களுக்கு மாதம் 1,500 ரூபாய். இம்மாநிலவாசி என்பதற்கு வாசச் சான்றிதழ், அல்லது 15 ஆண்டுக்கு முந்திய ரேஷன் அட்டையோ வாக்காளர் அட்டையோ போதும் என்றும், வெளிமாநிலத்தில் பிறந்து இம்மாநிலவாசியை மணந்த பெண்ணுக்குக் கணவரின் ஆவணங்கள் ஏற்கப்படும் என்றும் அனுமதித்தது நம் பெண்கள் பலருக்கு வாசலைத் திறந்தது. கூட்டுக் கணக்கு செல்லாது. பெண்ணின் தனிக் கணக்காக, ஆதார் சீடிங் ஆனதாக இருக்க வேண்டும். சம்பாதிக்காத ஒரு பெண்ணின் பெயரில் மட்டும் ஒரு கணக்கு இருந்தாக வேண்டும் என்று சர்க்கார் வற்புறுத்தியது, ஆயிரத்தைந்நூறைக் காட்டிலும் பெரிய நன்மை என்று நான் கருதுகிறேன். கணவரின் கணக்குக்கு வரும் பணத்தில் மனைவிக்கு ஒரு கேள்வி கேட்கும் உரிமையே உண்டு. தன் கணக்குக்கு வருவதில் விடை சொல்லும் உரிமையும் சேர்கிறது.

ஆனால் அக்கணக்குகளில் பல நெடுநாள் கிடப்பில் இருந்தவை. பணம் வந்த மறுகணமே, குறைந்தபட்ச இருப்பு வைக்காத குற்றத்துக்கான பழைய பாக்கியைச் சில வங்கிகள் பிடித்துக்கொண்டன என்ற புகாரும் அப்போது எழுந்தது. இரண்டாண்டு வாடிக்கையாளர் செய்த வரவுசெலவு எதுவும் இல்லையெனில் கணக்கு முடங்கியதாகக் கருதப்படும் என்பது பொது விதி. நேரடி உதவித்தொகைக்காகவும் மாணவர் உபகாரச் சம்பளத்துக்காகவும் தொடங்கிய கணக்குகளை அப்படி முடக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2024 ஜனவரியில் வெளியிட்ட உத்தரவு அவ்வாண்டு ஏப்ரல் முதல் நடப்புக்கு வந்திருக்கிறது. முழு ஆவணம் இல்லாமல் தொடங்கிய ‘சிறு கணக்கு’ என்ற வகையும் உண்டு. ஓராண்டில் அதில் வரவு ஒரு லட்சத்தைத் தாண்டலாகாது, இருப்பு ஐம்பதாயிரத்தைத் தாண்டலாகாது. பிரதமரின் ஜன்தன் திட்டம் 2014 ஆகஸ்டு 28-இல் தொடங்கிய வேகத்தில் இப்படித் திறந்த கணக்கை வைத்திருப்பவர், கே.ஒய்.சி. எனப்படும் அடையாள ஆவணங்களைக் கொடுத்து அதை முழுக் கணக்காக மாற்றிக்கொள்வது அவசியம்.

இவ்வளவு காவலும் இருந்தும் தகுதியற்றவர் நுழைவதை இம்முறை தடுத்ததா என்றால், இல்லை என்றே சொல்ல வேண்டும். லாட்கி பஹின் பணத்தைப் பதினாலாயிரத்துக்கு மேற்பட்ட ஆண்கள் பெற்றிருந்தார்கள் என்ற செய்தி 2025 ஜூலையில் வெளியானது. செப்டம்பரில் எல்லோருக்கும் இ-கே.ஒய்.சி. கட்டாயமாயிற்று. தமிழ்நாட்டிலும் இதே கதை. விவசாயிக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாய் வழங்கும் பி.எம். கிசான் திட்டத்தில், 2020-இல் கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர் முதலிய மாவட்டங்களில் நிலமே இல்லாத லட்சக்கணக்கானோர் சேர்க்கப்பட்டு 110 கோடி ரூபாய் அளவில் பணம் போயிருந்தது கண்டுபிடிக்கப்பட்டது. அதிகாரிகளின் கடவுச்சொல்லைப் பயன்படுத்திக் கணினி மையங்களிலேயே அவர்கள் பதிவு செய்யப்பட்டிருந்தார்கள். அந்தப் பணம் ஒரு காசு குறையாமல், ஒரு கையும் இடைப்படாமல், தவறானவர்களுக்கு நேராகச் சென்றது. பணத்தைக் கொண்டு சேர்க்கும் முறை எவ்வளவு சுத்தமானதாயினும், யாருக்கு என்று தீர்மானிக்கும் முறை அதனால் சுத்தமாகிவிடாது.

மிச்சப்பட்ட தொகையைப் பற்றிய பெருமிதத்தையும் சற்று நிதானித்தே ஏற்க வேண்டும். 2015 ஜனவரி முதல் நாடெங்கும் சமையல் வாயு மானியம் கணக்கில் வரத் தொடங்கியபோது, உலகிலேயே பெரிய பணப்பரிமாற்றத் திட்டம் என்று கின்னஸ் புத்தகத்திலும் அது ஏறியது. போலி இணைப்புகள் ஒழிந்தன என்பதும் மெய்யே. ஆனால் 2016-இல் கணக்குத் தணிக்கை அதிகாரி வெளியிட்ட அறிக்கை, மானியச் செலவு குறைந்ததில் பெரும்பகுதி கச்சா எண்ணெய் விலை வீழ்ச்சியால் வந்தது என்றும், சிலிண்டர் எடுப்புக் குறைந்ததால் வந்தது 1,764 கோடி ரூபாய் அளவே என்றும் கணக்கிட்டது. இன்னொரு விளைவைத் தணிக்கையாளர் எவரும் கணக்கில் எடுப்பதில்லை. கடையில் விலை ஏறினால் தெருவே பேசும். கணக்கில் வரும் மானியம் தேய்ந்தால் யாரும் பேசுவதில்லை. 2020-இன் நடுவிலிருந்து சாதாரணக் குடும்பங்களுக்கு அந்த மானியம் ஏறக்குறைய மறைந்தே போயிற்று. அது எந்த மாதம் நின்றது என்று கேட்டால் நெருளில் சொல்லத் தெரிந்தவர் அரிது. நேரடிப் பணத்தின் மௌனம் இருபுறமும் கூரியது.

புதுச்சேரி மக்கள் இந்த மௌனத்துக்கு உடன்படவில்லை. 2015 செப்டம்பரில் அங்கே ரேஷன் அரிசிக்குப் பதிலாகப் பணம் என்ற ஏற்பாடு வந்தபோது, அரிசிதான் வேண்டும் என்ற கோரிக்கை ஆண்டுக்கணக்கில் ஒலித்தது; துணைநிலை ஆளுநருக்கும் முதலமைச்சருக்கும் இடையே அது பெரும் விவகாரமும் ஆயிற்று; கடைசியில் 2024 அக்டோபரில் ரேஷன் கடைகள் மீண்டும் திறந்து அரிசி வழங்கத் தொடங்கின. விலைவாசி ஏறும்போது பணம் சுருங்கும், அரிசி சுருங்காது. இதைப் பொருளாதார நிபுணர்களுக்கு முன்பே குடும்பத் தலைவிகள் உணர்ந்திருந்தார்கள்.

வருமான வரி ரீஃபண்டுக்கு வருவோம். இங்கே கேட்பவர் ஏழையென்ற அனுதாபத்துக்கு இடமில்லை. தன் பணத்தையே திரும்பக் கேட்கிறார். 2007-இல் ஸ்டேட் வங்கியின் மூலம் ரீஃபண்டு வழங்கும் ஏற்பாடும் அதன்பின் பெங்களூரில் நிறுவப்பட்ட மத்தியச் செயலாக்க மையமும் வந்த பிறகு இவ்விஷயத்தில் ஏற்பட்டுள்ள அபிவிருத்தியைப் பாராட்டாமல் இருக்க முடியாது. அதிகாரியின் மேஜையில் கோப்பு தூங்கிய காலத்தில் வாழ்ந்தவர்களுக்கு, விவரத்தாளை அனுப்பிய சில வாரங்களில், சில வேளை சில நாட்களில், பணம் வந்து விழுவது அதிசயமே. செய்ய வேண்டியவை சிலவே: வரித் தளத்தில் தன் வங்கிக் கணக்கைச் சேர்த்து முன்கூட்டியே சரிபார்த்து, அதையே ரீஃபண்டுக்கு உரியதென்று குறிப்பிட வேண்டும், அந்தக் கணக்கில் பான் எண் பதிந்திருக்க வேண்டும், பானும் ஆதாரும் இணைந்திருக்க வேண்டும், இணையாத பான் 2023 ஜூலை முதல் செயலற்றதாகி, அதன் மீது ரீஃபண்டு கிடைக்காது, விவரத்தாளை அனுப்பிய 30 நாட்களுக்குள் மின்வழிச் சரிபார்ப்பை முடிக்க வேண்டும். கடைசியில் சொன்னதை மறந்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருப்பவர் கொஞ்ச நஞ்சமல்ல.

சரிபார்த்த கணக்கும் ஒருநாள் சரியற்றதாகிவிடும் என்பதை நம்மவர்கள் அனுபவத்தில் கண்டார்கள். 2020 ஏப்ரலில் அலகாபாத் வங்கி இந்தியன் வங்கியோடும், சிண்டிகேட் வங்கி கனரா வங்கியோடும், ஆந்திரா வங்கியும் கார்ப்பரேஷன் வங்கியும் யூனியன் வங்கியோடும் கலந்தன. அதே ஆண்டு நவம்பரில், 1926-இல் கரூரில் பிறந்த லட்சுமி விலாஸ் வங்கி டி.பி.எஸ். வங்கியில் மறைந்தது. கிளையின் குறியீடு மாறியதும், பழைய குறியீட்டோடு தளத்தில் கிடந்த கணக்குக்கு அனுப்பிய ரீஃபண்டு திரும்பிவிடும். புதிய குறியீட்டோடு கணக்கை மறுபடி சரிபார்த்து, ‘ரீஃபண்டு ரீஇஷ்யூ’ என்ற வேண்டுகோளைத் தளத்திலேயே விடுத்தால் பணம் மீண்டும் வரும். பிறர் உதவி தேவையில்லை. தாமதத்துக்கு, 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 244-ஏ பிரிவு மாதத்துக்கு அரை சதவிகித வட்டி தருகிறது. ஆனால் திரும்ப வரவேண்டியது மொத்த வரியில் பத்தில் ஒரு பங்குக்குக் குறைவானால் வட்டி இல்லை, வந்த வட்டிக்கும் வரி உண்டு. பழைய ஆண்டு பாக்கி ஏதேனும் இருந்தால் 245-ஆம் பிரிவின் கீழ் அறிவித்துவிட்டு ரீஃபண்டிலிருந்தே கழித்துக்கொள்வார்கள். அந்த அறிவிப்பு மின்னஞ்சலில் வருவதால், பிள்ளையின் நண்பன் என்றோ உண்டாக்கித் தந்த மின்னஞ்சலைத் திறந்தே பார்க்காத பெரியவர் மறுப்புச் சொல்லும் தவணையை இழந்துவிடுகிறார். வங்கி வட்டியில் பிடித்த வரியைத் திரும்பப் பெறுவதற்காகவே விவரத்தாள் எழுதும் முதியோர், 15எச் என்ற பெயரில் பழகிப்போன படிவத்தை ஆண்டுத் தொடக்கத்திலேயே வங்கியில் கொடுத்துவிட்டால் இந்தச் சிரமம் பெரும்பாலும் எழாது.

இவற்றைத் தாமே செய்துகொள்ள இயலாதவர் எங்கே போவார்? நெருள் ஸ்டேஷனைச் சுற்றிலும், பழைய தாராவிச் சந்துகளிலும், ஜெராக்ஸ், பான் கார்டு, லாட்கி பஹின், ரீஃபண்டு என்று பலகை தொங்கும் சிறு கடைகளுக்குப் போவார். நீக்கப்பட்டதாகச் சொல்லப்பட்ட இடைப்பட்ட கை இங்கே ஒரு நாற்காலியும் கணினியும் பெற்றுத் திரும்பி வந்திருக்கிறது. இவர்களை நிந்திப்பது என் நோக்கமன்று. நாணயமானவர் பலர், அவர்கள் இல்லாவிட்டால் இத்திட்டங்களில் பாதி இயங்காது. ஆயினும் தபால்காரருக்கு ஓர் இலாகா இருந்தது, மேலதிகாரி இருந்தார். இந்தக் கடைக்காரருக்கு ஓ.டி.பி.யைச் சொல்லிவிட்டு வருகிறவருக்கு அத்தகைய பந்தோபஸ்து எதுவும் இல்லை. ரீஃபண்டில் பங்கு பேசிக்கொண்டு, இல்லாத வீட்டு வாடகையையும் கொடுக்காத நன்கொடையையும் கழிவாகக் காட்டும் தரகர்கள் மீது வரி இலாகா 2025 ஜூலையில் நாடெங்கும் சோதனை நடத்தியது. இப்படி மிகையாக வாங்கிய ரீஃபண்டுக்கு வட்டியும் அபராதமும் கட்ட வேண்டியவர் கையெழுத்திட்டவரேயன்றித் தரகர் அல்லர். ரீஃபண்டு தயார், கணக்கு எண்ணை உறுதி செய்க என்று கைப்பேசிக்கு வரும் செய்தி பெரும்பாலும் கள்ளத்தனமே. இலாகா அப்படி இணைப்பனுப்பிக் கேட்பதில்லை.

அயல்நாடுகளும் இதே பாதையில்தான் செல்கின்றன. அமெரிக்கா சமூகப் பாதுகாப்புத் தொகைக்கு 2013 மார்ச்சிலேயே காசோலையைக் கைவிட்டது. 2025 மார்ச் 25-இல் பிறந்த ஜனாதிபதி ஆணையின்படி, சில விலக்குகள் நீங்கலாக, மத்திய அரசின் காகிதக் காசோலைகள் அவ்வாண்டு செப்டம்பர் இறுதியோடு விடைபெறத் தொடங்கின. இலங்கையில் 2023 ஜூலையில் சமுர்த்திக்குப் பதிலாக வந்த அஸ்வெசும உதவி, வங்கிக் கணக்கும் தேசிய அடையாள அட்டையும் இருந்தால்தான் கைக்கு வரும். தலைமுறை தலைமுறையாக ஆவணம் பெறுவதற்கே போராடிய மலையகத் தமிழருக்கு அந்த நிபந்தனை எத்தகையது என்பதை விளக்க வேண்டியதில்லை.

நம் நாட்டுச் சட்ட நிலையையும் குறிப்பிட வேண்டும். 2018 செப்டம்பர் 26-இல் உச்ச நீதிமன்றம், சர்க்கார் உதவிகளுக்கும் பானுக்கும் ஆதாரைக் கேட்பது செல்லும் என்றும், எல்லா வங்கிக் கணக்குக்கும் கைப்பேசிக்கும் கட்டாயமாக்குவது செல்லாது என்றும் தீர்ப்பளித்தது. ஆதார் கேட்பது செல்லும் என்றால், அதன் எழுத்துப்பிழையால் பணம் நின்றவருக்கு விடை சொல்லக் கடமைப்பட்டவர் யார்? வங்கி திட்ட அலுவலகத்தைக் காட்டுகிறது. திட்ட அலுவலகம் ஆதார் மையத்தைக் காட்டுகிறது. ஆதார் மையம், எங்களிடம் எல்லாம் சரியாகவே இருக்கிறது என்கிறது. மூன்றும் உண்மையே சொல்லக்கூடும் என்பதுதான் வேடிக்கை. பணம் திரும்பிய ஒவ்வொரு தடவையும் அதன் காரணம் கணினியில் பதிவாகிறது. அந்தக் காரணத்தை உரியவருக்கு அவர் அறிந்த மொழியில், எங்கே எதைத் திருத்த வேண்டும் என்ற குறிப்போடு அனுப்புவது பணம் விடுக்கும் இலாகாவின் கடமை என்று விதியாக வேண்டும். ஆயிரத்தைந்நூறு ரூபாயைக் கோடிக்கணக்கான கணக்குகளில் ஒரே நாளில் போடத் தெரிந்த சர்க்காருக்கு, செல்லத்தாய்க்குத் தமிழில் ஒரு வரி எழுதுவது அசாத்தியமன்று.

மரணத்துக்குப் பின் வரும் பணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். நெருளில் குடியேறிய முதல் தலைமுறை இப்போது அந்த வயதில் இருக்கிறது. இறந்தவருக்குச் சேர வேண்டிய ரீஃபண்டை அவர் கணக்கில் பெற முயல்வது பயனற்றது. வாரிசு ஒருவர் வரித் தளத்தில் தம்மைப் பிரதிநிதியாகப் பதிவு செய்து, தம் கணக்கைச் சரிபார்த்து, அதில் பெற வேண்டும். இறப்புச் சான்றிதழும், இருவர் பானும், வாரிசு என்பதற்கான ஆதாரமும் வேண்டும். தமிழ்நாட்டில் தாசில்தார் வாரிசுச் சான்றிதழ் தருவார். மகாராஷ்டிரத்தில் 1827-ஆம் ஆண்டுப் பம்பாய் ஒழுங்குமுறை எட்டின்படி நீதிமன்றத்தையே நாட வேண்டியிருக்கிறது, அதற்குக் காலமும் வக்கீல் செலவும் உண்டு. இலாகா இவ்விரண்டையும், பதிவு செய்த உயிலையும், குடும்ப ஓய்வூதியச் சான்றையும் ஏற்பதால், கைவசம் எளிதாகக் கிடைப்பதைக் கொண்டு முயலலாம். வங்கியில் கிடக்கும் இருப்புக்கோ நாமினி இருந்தால் போதும். 2025 நவம்பர் முதல் ஒரு கணக்குக்கு நால்வர் வரை நாமினியாக எழுதலாம் என்று சட்டம் மாறியிருக்கிறது. அவர்கள் பெயரையும் அவரவர் ஆதாரில் உள்ள எழுத்துக்கூட்டலிலேயே எழுதுவது நன்று.